ஓர் அமெரிக்க அதிபரின் ஆவணங்களை வாசிப்பது எப்படி: ட்ரூமன் பெட்டிகளை முன்வைத்து

1945 ஜூலை 31. பாட்ஸ்டாம் மாநாட்டுக்காக ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனிடமிருந்து வந்திருந்த தந்தியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினார். உங்கள் யோசனைகளை ஏற்கிறேன், தயாரானதும் 'ரிலீஸ்' செய்யலாம், ஆனால் ஆகஸ்ட் 2-க்கு முன்னால் வேண்டாம் என்பது அதன் சாரம். கீழே ஹெச்.எஸ்.டி. என்று சுருக்கொப்பம். ஒரு வாரத்தில் ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. பின்புறத்தை மட்டும் பார்க்கிறவர், குண்டை வீச அதிபர் தம் கையால் எழுதிக் கொடுத்த உத்தரவு இதுதான் என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டியவர்கள் பலர். தாளைத் திருப்பி முன்பக்கத் தந்தியைப் படித்தால் கதை வேறு. குண்டு வீசப்பட்டபின் அதிபரின் பெயரில் வெளியிட வேண்டிய அறிக்கையை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டிம்சன் கேட்டிருக்கிறார். ட்ரூமன் அனுமதித்தது அறிக்கையை வெளியிட. குண்டு வீச்சுக்கான ராணுவ உத்தரவு ஜூலை 25-ஆம் தேதியே தரைப்படையின் தற்காலிகத் தலைமைத் தளபதி ஜெனரல் ஹேண்டியின் கையொப்பத்துடன் வான்படைத் தளபதி ஜெனரல் ஸ்பாட்ஸுக்குப் போய்விட்டிருந்தது.

இந்தத் தாளைத் தேடி ட்ரூமனின் சொந்தக் கோப்புகளைப் புரட்டுகிறவருக்கு அது கிடைக்காது. அப்போது அதிபருடன் பாட்ஸ்டாமில் இருந்த கடற்படை அதிகாரி ஜார்ஜ் எல்ஸி அதைப் பத்திரப்படுத்தினார். இன்றும் அது ட்ரூமன் நூலகத்தில் எல்ஸியின் ஆவணங்களோடுதான் இருக்கிறது. ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அது எந்தத் தாளோடு சேர்ந்தது, யார் கையில் இருந்தது, எந்தப் பெட்டிக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அதிபர் ஒருவரின் வாழ்வையும் அரசியலையும் ஆவணங்கள் வழியே ஆராயப் புறப்படுகிறவர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இதுதான். மற்றவை பெரும்பாலும் நடைமுறை விவரங்கள்.

எவருடைய தாள்கள் எங்கே?

முதலில் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா அதிபர்களின் ஆவணங்களும் வாஷிங்டனில் ஒரே கட்டடத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் தொடங்கி கால்வின் கூலிட்ஜ் வரை 23 அதிபர்களின் தொகுப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் உள்ளன. அவை அனைத்தும் இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டன. மொத்தம் 33 லட்சம் படங்களுக்கு மேல். அந்தக் காலத்து அதிபர்கள் சிலர் இந்த 23-இல் சேரமாட்டார்கள். ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆகியோரின் தாள்கள் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்திலும், ரதர்ஃபோர்டு ஹேய்ஸின் தாள்கள் ஒஹாயோவில் அவருடைய வீட்டு வளாகத்து நூலகத்திலும் இருக்கின்றன.

கூலிட்ஜுக்கு அடுத்த ஹெர்பர்ட் ஹூவரிலிருந்து ஏற்பாடு மாறுகிறது. அதிபருக்கென்று தனி நூலகம் என்ற யோசனை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுடையது; நியூயார்க் மாநிலத்தின் ஹைடு பார்க்கில் அவர் கட்டிய நூலகம் 1941 ஜூன் 30 அன்று திறக்கப்பட்டது. அவருக்குப்பின் ஒவ்வோர் அதிபருக்கும் ஒரு நூலகம் வந்தது. பிறகு ஹூவருக்கும் அயோவாவில் ஒன்று அமைந்தது. இவற்றைத் தேசிய ஆவணக்காப்பகம் நிர்வகிக்கிறது. ட்ரூமனுக்கு மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ், ஐசனோவருக்குக் கான்சாஸின் ஆபிலீன், கென்னடிக்குப் பாஸ்டன், ஜான்சனுக்கு ஆஸ்டின் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இடத்தோடு சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. எது கிடைக்கும், எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. 1981 ஜனவரி 20 வரை, நிக்சனின் தாள்கள் நீங்கலாக, அதிபர் பதவியில் இருந்தபோது எழுதிய, பெற்ற தாள்கள் அவருடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. அவர் விரும்பினால் அரசுக்குக் கொடையாகத் தரலாம், விரும்பாவிட்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், எரிக்கவும் செய்யலாம். செஸ்டர் ஆர்தர் தம் தாள்களில் பெரும்பகுதியை இறப்பதற்குச் சற்று முன் எரிக்கச் செய்துவிட்டார். லிங்கனின் மகன் ராபர்ட், தந்தையின் தாள்களை நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தாலும், தாம் இறந்து 21 ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். 1947 ஜூலையில்தான் அவை திறக்கப்பட்டன. வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகிய விவகாரத்துக்குப்பின் 1978-இல் இயற்றப்பட்ட அதிபர் ஆவணச் சட்டம், ரீகன் பதவியேற்ற நாளிலிருந்து அதிபரின் அலுவல் ஆவணங்களை மக்கள் சொத்தாக்கியது. ரீகனும் அவருக்குப் பின்வந்தவர்களும் விட்டுச்சென்ற ஆவணங்களை, பதவி முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப்பின் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்கலாம். குறிப்பிட்ட ஆறு வகைகளை மட்டும் 12 ஆண்டுகள்வரை மூடி வைக்க அதிபருக்கு உரிமை உண்டு. ட்ரூமன் போன்றவர்களின் கொடைத் தாள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கொடைப் பத்திரத்தின் நிபந்தனைகளே செல்லும்.

பட்டியலை முதலில் வாசியுங்கள்

ட்ரூமன் நூலகத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. இணையத்தில் ஏற்றப்பட்டிருப்பது அதில் ஒரு பங்குதான். ஆகவே தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லையென்றால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கையால் எழுதியவற்றைக் கணினி சரியாக வாசிப்பதில்லை. தட்டச்சுத் தாள்களிலும் மங்கிய கார்பன் நகல் என்றால் பாதிச் சொற்கள் தவறாகவே பதிவாகியிருக்கும்.

நம்ப வேண்டியது ஆவணக் காப்பாளர்கள் தயாரித்து வைத்திருக்கும் விவரப் பட்டியலை. அதில் முதலில் தொகுப்பின் வரலாறும், அதை உருவாக்கியவரின் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். அடுத்து தொகுப்பு எத்தனை பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற விளக்கம். அதன்பிறகே எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்ற நீண்ட வரிசை. அவசரத்தில் எல்லோரும் நேரே பெட்டி வரிசைக்குத் தாவுவார்கள். அந்த முதல் இரண்டு பக்கங்களைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். காரணம், ஆவணக் காப்பாளர்கள் தாள்களைப் பொருள்வாரியாக மறுபடி அடுக்குவதில்லை. உருவாக்கிய அலுவலகம் எந்த வரிசையில் வைத்திருந்ததோ அந்த வரிசையிலேயே இயன்றவரை விட்டுவைப்பார்கள். அந்த அலுவலகம் எப்படி யோசித்தது என்று தெரியாமல் எந்தக் கோப்பைக் கேட்பது என்றும் தெரியாது.

ட்ரூமனின் வெள்ளை மாளிகையில் கடிதங்கள் ஒரே இடத்தில் சேரவில்லை. அரசுப் பணி சார்ந்தவை அலுவல் கோப்புக்குப் போயின. தனிப்பட்ட நட்பு, வாழ்த்து, சங்கங்கள் சார்ந்தவை அதிபரின் தனிக்கோப்புக்குப் போயின. மிக நுட்பமானவையும் அதிபர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தவையும் அவருடைய தனிச் செயலாளர் ரோஸ் கான்வேயின் பொறுப்பிலிருந்த செயலாளர் கோப்புக்குப் போயின. இந்த மூன்றாவதைத்தான் ட்ரூமன் 1972-இல் இறக்கும்வரை தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார். பிறகு உயிலின்படி நூலகத்துக்கு வந்தது. 1960-களில் எழுதப்பட்ட ட்ரூமன் வரலாறுகளைப் படிக்கும்போது அவற்றின் ஆசிரியர்கள் இந்தக் கோப்பைப் பார்த்திருக்க முடியாது என்பதை நினைவில் வைத்தால், பல முரண்பாடுகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரே கடிதம் இரண்டு பொருளைத் தொட்டால், அதை ஒரு கோப்பில் வைத்துவிட்டு மற்றதில் 'இன்ன கோப்பைப் பார்க்க' என்று ஒரு குறிப்புத் தாளை வைத்திருப்பார்கள். வெறும் குறிப்புத்தானே என்று இந்தத் தாள்களைத் தள்ளிவிடாதீர்கள். கடிதமே காணாமல் போயிருந்தாலும் யார், எப்போது, எதைப் பற்றி எழுதினார் என்ற சுருக்கம் அதில் இருக்கும்.

அதிபர் பதவி என்பது ஒருவர் வாழ்வில் பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு ஆண்டுகள்தான். ட்ரூமன் அதற்குமுன் ஜாக்சன் மாவட்ட நிர்வாகத்தில் 'நீதிபதி' என்ற பெயரில் சாலையும் கட்டடமும் போட்டுக்கொண்டிருந்தவர். 1934-இல் செனட்டுக்குத் தேர்வானவர். மாவட்ட நிர்வாகப் பதிவுகள் மாவட்டத்தில் இருக்கும். போர்க்காலச் செலவுகளை ஆராய்ந்து அவருக்கு நாடறிந்த பெயரை வாங்கித் தந்த செனட் குழுவின் ஆவணங்கள், குழு செனட்டுக்குரியது என்பதால், வாஷிங்டனில் தேசிய ஆவணக்காப்பகத்தின் செனட் பிரிவில் இருக்கின்றன. பதவி எந்த அமைப்புக்கு உரியதோ அந்த அமைப்பின் காப்பகத்தில் தேட வேண்டும்.

அறைக்குள்

போவதற்குச் சில வாரங்களுக்கு முன் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 'ட்ரூமனைப் பற்றி ஆராய்கிறேன்' என்று எழுதினால் அவரால் உதவ முடியாது. 'இன்ன ஆண்டில் இன்ன முடிவு எப்படி எடுக்கப்பட்டது, இன்னின்ன தொகுப்புகளின் பட்டியலைப் பார்த்துவிட்டேன், வேறு யாருடைய தாள்களைப் பார்க்கலாம்' என்று கேட்டால், பட்டியலில் இல்லாத வழிகளையும் சொல்வார். பல நூலகங்களின் அறக்கட்டளைகள் ஆய்வாளர்களுக்குப் பயண உதவித்தொகை தருகின்றன. அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

முதல் நாள் அடையாளச் சான்றைக் காட்டி ஆய்வாளர் அட்டை வாங்க வேண்டும். பையும் மேலங்கியும் வெளியே அடுக்குப் பெட்டியில். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு. எடுத்த இடத்தில் ஓர் அடையாள அட்டையைச் செருகி வைக்க வேண்டும். கோப்பை மேசைமீது தட்டையாக வைத்து, தாள்களை ஒவ்வொன்றாக இடப்பக்கம் புரட்ட வேண்டும். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டும் பழக்கமுள்ளவர்கள் அன்றைக்கு அதை மறக்க வேண்டும். தாள்களின் வரிசை தவறாக இருப்பதாகத் தோன்றினால் நீங்களே சரிசெய்யக் கூடாது, காப்பாளரிடம் சொல்ல வேண்டும். பிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம். ரகசியம் நீக்கப்பட்ட தாள்களைப் படமெடுக்கும்போது, நீக்கிய ஆணையின் எண் எழுதிய சிறு துண்டு ஒன்றைத் தருவார்கள். அதையும் படத்துக்குள் வரும்படி வைக்க வேண்டும்.

படமெடுப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும்: பெட்டியின் முகப்புச் சீட்டு, கோப்பின் முகப்பு, பிறகு தாள்கள், எழுத்து இல்லாததுபோல் தெரிந்தாலும் ஒவ்வொன்றின் பின்பக்கமும். முதல்முறை இப்படி ஓர் அறையில் உட்கார்ந்தபோது ஆர்வக்கோளாறில் தாள்களை மட்டும் முந்நூறுக்கு மேல் எடுத்துத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் விழித்தேன். மேற்கோள் காட்ட முடியாத ஆவணம் கையில் இருந்தும் பயனில்லை. பாதியை எறிய வேண்டியதாயிற்று.

ஒரு தாளை வாசிப்பது

அதிபரின் கையொப்பம் இருப்பதாலேயே அதிபர் எழுதினார் என்று ஆகாது. தட்டச்சுக் கடிதத்தின் கீழே இடது ஓரத்தில் சில சுருக்கெழுத்துகள் இருக்கும். முதலில் இருப்பது சொல்லி எழுதவைத்தவர் அல்லது வரைவு எழுதியவர், அடுத்தது தட்டச்சு செய்தவர். அனுப்பிய மூலத்தில் இவை இல்லாமல் கார்பன் நகலில் மட்டும் இருப்பதும் உண்டு. எனவே நகல் சில நேரம் மூலத்தைவிட அதிகம் பேசும்.

வரைவுகள் கிடைத்தால் விடாதீர்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப்பின் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் முதல் வரைவில், உலக வரலாற்றில் நிலைக்கும் நாள் என்ற பொருளில் இருந்த சொற்களை அவர் பென்சிலால் அடித்து, இழிபுகழோடு நிலைக்கும் நாள் என்று மாற்றியிருப்பதைக் காணலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, 1944-இல் நார்மண்டித் தரையிறக்கம் தோற்றால் வெளியிட என்று, அப்போது நேசநாட்டுப் படைத் தளபதியாக இருந்த ஐசனோவர் எழுதி வைத்திருந்த சிறு சீட்டு. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்று எழுதியதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று மாற்றியிருக்கிறார். குற்றம் ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்ற கடைசிச் சொற்களின் கீழே கோடும் இழுத்திருக்கிறார். அச்சிட்ட நூலில் இதைப் படித்தால் ஒரு நல்ல வாக்கியம், அவ்வளவே. அடித்தலையும் திருத்தலையும் பார்த்தால்தான் பொறுப்பை ஒருவர் தம் தலையில் ஏற்றுக்கொண்ட அந்த நிமிடம் தெரியும். அதே சீட்டில் அவர் தேதியை ஜூலை 5 என்று எழுதியிருக்கிறார். அது ஜூன் 5. எழுதியவரே போட்ட தேதியானாலும் பக்கத்துத் தாள்களோடு சரிபார்க்காமல் நம்பக் கூடாது. அதிபரின் சந்திப்பு நாட்குறிப்புகள் இதற்கு நல்ல துணை. அன்று அவர் எந்த ஊரில், யாருடன், எத்தனை மணிக்கு இருந்தார் என்பதை அவை காட்டிவிடும்.

ட்ரூமன் தாள்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கோபம் வந்தால் அவர் கடிதம் எழுதுவார், பிறகு அனுப்பாமல் வைத்துவிடுவார். கோப்பில் இருக்கும் கையெழுத்துக் கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் 'ட்ரூமன் அவரிடம் இப்படிச் சொன்னார்' என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். இதற்கு நேர்மாறாக, 1950 டிசம்பரில் தம் மகளின் பாட்டைக் குறைசொன்ன இசை விமர்சகர் ஒருவருக்கு அவர் கையால் எழுதிய காட்டமான கடிதம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது, பத்திரிகைகளிலும் வந்தது. அனுப்பிய கடிதத்தின் மூலம் எப்போதும் பெற்றவரிடம் இருக்கும். அதைப் பெற்றவரின் தொகுப்பில் தேட வேண்டும்.

எழுதிய தாளையும் கவனியுங்கள். 1930-களின் தொடக்கத்தில், மாவட்டப் பதவியில் இருந்தபோது, ட்ரூமன் அடிக்கடி கான்சாஸ் சிட்டியின் பிக்விக் ஹோட்டலில் ஓர் அறையில் ஒதுங்கி, ஹோட்டலின் பெயர் அச்சிட்ட தாள்களிலேயே தம் மனத்தைக் கொட்டியிருக்கிறார். உள்ளூர் அரசியலைத் தம் பிடியில் வைத்திருந்த டாம் பெண்டர்காஸ்டின் ஆட்களுக்காக உதவாக்கரைகளைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தது சரியா, பெரிய திருட்டைத் தடுக்கச் சின்னத் திருட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டது சரியா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். அலுவலகத் தாளில் அவர் இதை எழுதியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இல்லாதவை

கோப்பைத் திறந்ததும் முன்னால் ஒரு பட்டியல் தாள் இருந்தால் எரிச்சலடையாமல் படியுங்கள். எடுத்து வைக்கப்பட்ட ஆவணங்களின் விவரம் அது: என்ன வகை, யார் யாருக்கு, எத்தனை பக்கம், எந்தத் தேதி, என்ன காரணம். காரணத்துக்கு ஓர் எழுத்துக் குறியீடு இருக்கும். தேசப் பாதுகாப்பு என்றால், அந்தத் தாளை மறுபரிசீலனை செய்யும்படி விண்ணப்பிக்கலாம். பட்டியலில் உள்ள விவரங்களை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் போதும். பதில் வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம் என்பதால், தேவையானவற்றுக்கு முதல் பயணத்திலேயே விண்ணப்பித்துவிட்டு வாருங்கள். கொடையாளரின் நிபந்தனை என்றால் அந்தக் காலம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை.

பட்டியலிலும் வராத இல்லாமை வேறு. மனைவி பெஸ்ஸுக்கு ட்ரூமன் எழுதிய கடிதங்கள் 1,300-க்கு மேல் நூலகத்தில் இருக்கின்றன. பெஸ் எழுதிய பதில்கள் மிகச் சிலவே மிஞ்சின. அவர் கடிதங்களை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த ட்ரூமன் 'வரலாற்றை நினைத்துப் பார்' என்றாராம். 'நினைத்துப் பார்த்துத்தான் போடுகிறேன்' என்று பதில் வந்ததாம். கதை உண்மையோ இல்லையோ, அந்தத் தொகுப்பில் நாம் கேட்பது ஒரு பக்கப் பேச்சு மட்டுமே. பெஸ் என்ன சொன்னார் என்பதை ட்ரூமனின் பதில்களிலிருந்து ஊகிக்கிறபோது, ஊகம் என்று எழுத வேண்டும்.

சில தாள்கள் இருந்தும் இல்லாதவைபோல் இருக்கும். 1947-இல் ட்ரூமன் எழுதிய நாட்குறிப்பு ஒன்று பல பத்தாண்டுகளாக அவருடைய நூலகத்துப் புத்தக அடுக்கிலேயே இருந்தது. நியூயார்க் ரியல் எஸ்டேட் சங்கம் அச்சிட்ட டைரி அது. முன்பகுதி முழுவதும் சங்கத்தின் தகவல்கள் என்பதால், பின்னால் கையெழுத்து இருப்பதை 2003 வரை எவரும் கவனிக்கவில்லை. அடுத்த தேர்தலில் ஐசனோவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நிற்கட்டும், தாம் துணை அதிபராக நிற்கத் தயார் என்று அவரிடமே சொன்னதாக ட்ரூமன் அதில் எழுதியிருக்கிறார். ஆகவே காப்பாளரிடம் ஆவணப் பெட்டிகளைக் கேட்பதோடு நில்லாமல், அதிபரின் சொந்தப் புத்தகங்களின் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரக் குறிப்புகள் உள்ள புத்தகங்கள் எவை என்றும் விசாரியுங்கள்.

மேற்கோள் எழுதும்போது தாளிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும்: ஆவணத்தின் வகை, யார் யாருக்கு, தேதி, கோப்பின் பெயர், பெட்டி எண், தொகுப்பின் பெயர், நூலகம். தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியலில் பார்த்ததாக இருந்தால் அதன் அடையாள எண்ணையும் சேர்க்க வேண்டும். ஜூலை 31 குறிப்பை மேற்கோள் காட்டுகிறவர், 'ஸ்டிம்சன் ட்ரூமனுக்கு அனுப்பிய தந்தியின் பின்புறத்தில், ட்ரூமன் கையெழுத்தில்' என்று எழுதி, எல்ஸி தொகுப்பு என்பதையும் குறிக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால், அடுத்து வருகிறவர் அந்தத் தாளை எடுத்ததும் முன்பக்கத்தைத் தேடுவார்.